காவலுக்கு வைத்த பூனை

பங்குனி 17, ஞாயிறு

கோயில் சீட்டில் இந்த வருஷம் என் பெயர் வந்துவிட்டது. இருபத்தொரு வீட்டுப் பெயரையும் சுருட்டிப் போட்டு எடுத்த சீட்டு. "வேலுத்தாய்" என்று படித்ததும் எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் என்னைப் பார்க்கவில்லை. குருவம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அதை நான் பார்த்தேன்.

ஆக, முளைப்பாரி என் வீட்டில். தெருவில் உள்ள இருபத்தொரு வீட்டுச் சட்டியும் என் பின்னறை இருட்டில் வளரும். நான் ஒருத்தி மட்டும் உள்ளே போகலாம், தண்ணீர் தெளிக்கலாம். வீட்டில் கறி மீன் கிடையாது. அறைப் பக்கம் ஆம்பளை வாடை ஆகாது. அவர் லாரியில் நாக்பூர் போயிருக்கிறார், நல்லதாகப் போயிற்று. வருகிற செவ்வாய் விதை போட்டால் அதற்கடுத்த செவ்வாய் சாயங்காலம் கதவைத் திறந்து சட்டிகளை வரிசையாக முற்றத்தில் வைக்க வேண்டும். யார் சட்டி செழித்தது, யார் சட்டி சோடை என்று தெருவே பார்க்கும். பார்த்ததை வருஷம் முழுக்கப் பேசும். மறுநாள் தலையில் தூக்கிப்போய் மாரியம்மன் கோயிலைச் சுற்றி, வைப்பாற்றில் கரைத்துவிட்டால் என் பாரம் இறங்கும்.

எதற்கும் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். பதினாறு வருஷம் பால்வாடி டீச்சராக இருந்து நான் கற்றது, ரெஜிஸ்டரில் ஏறாத முட்டை கொடுக்காத முட்டை என்பதுதான். நாளைக்கு எவளாவது ஒரு வார்த்தை சொன்னால் என்னிடம் தேதியோடு பதில் இருக்க வேண்டும்.

பின்னறைக் கதவுக்கு, கதவோடு சேர்ந்த பழைய பூட்டு. அதற்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில். இன்னொன்று வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியபோதே சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கேட்டு வாங்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டும். ஆசாரியைக் கூப்பிட்டுத் தனியாக ஒரு கொண்டி போடச் சொன்னேன். திருவிழா முடியட்டும் என்கிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது குருவம்மா. என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. நானும் அவளும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. காரணம் தெருவுக்கே தெரியும். இங்கே எழுதத் தேவையில்லை.

பங்குனி 19, செவ்வாய்

காலையில் விதை போட்டாயிற்று. கரம்பை மண், ஆட்டுப்புழுக்கைத் தூள், அடியில் வைக்கோல். ஒவ்வொரு சட்டியிலும் சாக்பீஸால் பெயர் எழுதினேன். எல்லோரும் கொண்டுவந்தது வழக்கம்போல் பயறுதான்: தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு. ஒரு சட்டி மட்டும் வேறு மாதிரி. குருவம்மாவின் மருமகள் கோமதி ஒரு பை நிறையச் சோளம் கொண்டுவந்து, அதன் மேல் ஒரு கைப்பிடி பயறைத் தூவினாள்.

"எங்கூர்ல சோளந்தான் போடுவோம் சின்னத்தை. அம்மா குடுத்து விட்டுருக்கா. போடலாம்லா?"

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வந்து எட்டு மாதம். குருவம்மா மகன் சீனிராஜ் மில்லில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டு வந்தது. இப்போது வயிற்றில் மூன்று மாதம். போடு என்றேன். அம்மனுக்குச் சோளம் என்ன, பயறு என்ன.

குருவம்மா வாசற்படி ஏறவில்லை. வெளியே நின்றபடியே பஞ்சவர்ணத்திடம் சொல்வது போலச் சொன்னாள். "எண்ணிக் குடுத்துருக்கோம், எண்ணி வாங்கணும். முழுசா வாங்கணும்."

எனக்கு விழ வேண்டும் என்று சொன்னது. விழுந்தது.

போன வருஷம் மேலத் தெருவில் எலி புகுந்து இரண்டு சட்டிப் பயறைத் தின்றுவிட்டது. அந்தக் கதை இங்கே நடக்காது. என் பூனையை உள்ளே விட்டிருக்கிறேன். வெள்ளைப் பூனை, நெற்றியில் மட்டும் கருப்பு, அதனால் பெயர் பொட்டு. விளக்கு வைத்ததும் உள்ளே, விடிந்ததும் வெளியே. இதைவிட நல்ல காவல் இந்தச் சாத்தூரில் கிடைக்காது.

பங்குனி 20, புதன்

மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சாயங்காலம் முற்றத்தில் கும்மி. பொட்டுக்குப் பால்சோறு. முகத்தைத் திருப்பிக்கொண்டது. நானே கருவாட்டு வாசனை இல்லாமல் பத்து நாள் இருக்கப் போகிறேன், உனக்கென்ன கேடு என்றேன்.

பங்குனி 21, வியாழன்

முளை விட்டுவிட்டது. சோளம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஊசி ஊசியாக நிற்கிறது. பால்வாடியில் எடை பார்க்கும் நாள். பதினெட்டுக் குழந்தைகள், இரண்டு வரவில்லை.

பங்குனி 22, வெள்ளி

காலையில் முற்றத்தில் பொட்டு கக்கியது. முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, எக்கி எக்கி மஞ்சள் நுரை. நுரைக்குள் வெளிறிய பச்சையில் ஏதோ நார். கக்கி முடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல முகத்தைக் கழுவிக்கொண்டது.

பொட்டு எங்கேயும் போய்த் தின்னாது. போனால் ஒரே இடம்தான். சுவர் ஏறிக் குதித்தால் குருவம்மா வீட்டு அடுப்படி.

பூனை இல்லாவிட்டால் பின்னறைக்குக் காவல் இல்லை. இதை யோசிக்க ரொம்பப் படிப்புத் தேவையில்லை.

பங்குனி 23, சனி

இன்றைக்குத்தான் புரிந்தது.

தண்ணீர் தெளிக்கப் போனவள் கோமதி சட்டியைப் பார்த்து நின்றுவிட்டேன். சோளப் பயிரில் பாதிக்கு நுனி இல்லை. கிள்ளி எடுத்தது போல, ஒரு பக்கமாக, ஏற்ற இறக்கமாக. மற்ற இருபது சட்டியில் ஒரு இலை குறையவில்லை. கோமதி சட்டியிலேயே ஓரமாக வந்திருக்கிற பயற்றில்கூட யாரும் கை வைக்கவில்லை. சோளம் மட்டும்.

எலி என்றால் முதலில் பயறைத்தான் தின்னும். ஆடு மாடு என்றால் மொத்தச் சட்டியும் காலி. பார்த்துப் பார்த்து, ஒரே சட்டியில், ஒரே பயிரை மட்டும் கிள்ள வேண்டுமென்றால் கண்ணும் கையும் கெட்ட மனசும் வேண்டும். இது மனுஷ வேலை.

சாவி என் இடுப்பில். இன்னொரு சாவி எங்கே இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

சொந்த மருமகள் சட்டியை அவளே கிள்ளுவாளா என்று கேட்கலாம். கிள்ளுவாள். பிடிக்காத மருமகள். மகன் தானாகத் தேடிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை சட்டி வெளியே வந்து, இருபது செழித்து ஒன்று மட்டும் கருகினாற்போல நின்றால் கோமதி வயிற்றைப் பார்த்துத்தான் தெரு பேசும். வந்த நேரம் சரியில்லை என்பார்கள். கூடவே, சட்டி யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்பார்கள். பத்தொன்பது வருஷத்துப் பழியை வேலுத்தாய் தீர்த்துக்கொண்டாள் என்பார்கள். மருமகளும் போனாள், நானும் போனேன். அவளுக்கு ஒரே கிள்ளு.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான்தான் முதல் குற்றவாளி. எனக்குப் பயமாக இருக்கிறது.

பங்குனி 24, ஞாயிறு

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வேலை செய்தேன். பின்னறை வாசற்படி உள்பக்கமும் கோமதி சட்டியைச் சுற்றியும் கோலமாவை மெல்லிசாகத் தூவினேன். எந்தக் கால் வந்தாலும் பதியட்டும் என்று.

காலையில் பார்த்தால் வாசற்படி மாவு கலையவில்லை. ஒரு மனுஷக் காலடி கிடையாது. சட்டியைச் சுற்றிப் பொட்டின் காலடி மட்டும் பூப்பூவாக. சுற்றிச் சுற்றிக் காவல் காத்திருக்கிறது, பாவம். சோளம் இன்னும் ஒரு விரக்கடை குறைந்திருக்கிறது.

ஓடு பிரித்துக் கம்பு விட்டிருப்பாளோ? ஏறிப் பார்த்தேன். ஓடு அப்படியே இருக்கிறது. அவளுக்கும் ஐம்பது வயது ஆகிறது, முழங்கால் வலி வேறு. எப்படி என்று தெரியவில்லை. யார் என்பதில் சந்தேகமில்லை.

பொட்டு மறுபடியும் கக்கியது. இந்தத் தடவை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் அள்ளி வைத்திருக்கிறேன். மருந்து வைத்திருந்தால் நாளைக்குத் தெரிந்துவிடும். அதுவும் என் கையில் எழுத்தோடு வரும்.

பங்குனி 25, திங்கள்

பால்வாடிக்கு அரை நாள் லீவு. பொட்டைக் கட்டைப் பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஆறு ஆடு, ஒரு சினை மாடு. எல்லோரும் பையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

டாக்டர் சின்னப் பொண்ணு. கழுத்து வரைக்கும் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. பொட்டின் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். நான் டப்பாவை நீட்டினேன்.

"இதையும் கொண்டாந்திருக்கீங்களா? பரவாயில்லையே" என்று சொல்லி ஒரு குச்சியால் பேப்பரில் பரப்பினாள். "விஷமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இது புல்லு."

"பூனை புல்லு திங்குமா?"

"நல்லாத் திங்கும். அனேகமா எல்லாப் பூனையும் திங்கும். நம்ம கண்ணுல படுறதில்ல, அவ்ளோதான்."

"ஒடம்பு சரியில்லன்னு திங்குதோ?"

"அப்படித்தான் ரொம்பப் பேரு நெனைக்காங்க. ஆனா தெம்பா இருக்கற பூனைதான் அதிகமாத் திங்குது. தின்னதுல சிலது கக்கும், பாதிக்கு மேல கக்கவே கக்காது. காட்டுப் பூனையா இருந்த காலத்துப் பழக்கம் போல. எலி, குருவின்னு பச்சையாத் தின்னா வயித்துல புழு வைக்கும்ல? இந்த நார் போனா அதையும் சேத்துத் தள்ளிட்டு வரும். அதுக்குத்தான்னு சொல்றாங்க. நக்கி முழுங்குன முடியும் கூட வரும்னு சொல்றவங்களும் உண்டு. இப்பவரைக்கும் இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல ஆளில்ல."

"நாங்க விரதம். கறி மீன் போடல. பசிக்குத் தின்னுருக்குமோ?"

அவள் சிரித்தாள். "பசிக்குத் திங்கறதில்ல. அதுக்குப் புல்லு செரிக்கவே செரிக்காது. ஆனா பூனைக்கு எதுக்கும்மா விரதம்? ஒரு முட்டையாச்சும் குடுங்க."

"ஆபத்து இல்லையே?"

"புல்லால ஆபத்தில்ல. புல்லு மேல அடிச்ச மருந்தாலதான் ஆபத்து. ரோட்டோரம், வயக்காடுன்னு களைக்கொல்லி அடிச்ச எடத்துல மேயாமப் பாத்துக்கங்க. திங்காமக் கெடந்தாலோ, கக்கிக்கிட்டே இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ தூக்கிட்டு வாங்க. வீட்டுல தொட்டி கிட்டியில புல்லு எதும் வளக்குறீங்களா?"

இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டு ஐந்து வருஷம் ஆகிறது, புல்லுக்கு எங்கே போக?

குருவம்மா எங்கிருந்தாவது அறுகம்புல் பறித்து அதில் எதையாவது தடவி வைத்திருக்கலாம். விஷமில்லை என்று டாக்டர் சொன்னது பார்வைக்குத்தானே சொன்னது. சின்னப் பொண்ணு. அனுபவம் போதாது.

பங்குனி 25, சாயங்காலம்

கும்மிக்கு முன்னால் கோமதி இரண்டு வெள்ளரிக்காயோடு வந்தாள். கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சின்னத்தை, என் சட்டி நல்லா வந்துருக்கா?"

"நல்லா வந்துருக்கு" என்றேன்.

"அத்தை நாலு நாளா ஒறங்கல. எந்திச்சு எந்திச்சு உக்காந்துக்கிடுதாவ. என்னன்னு கேட்டா, ‘முளைப்பாரி நல்லபடியா வெளிய வரணும்டி’ன்னு மட்டும் சொல்லுதாவ. சாமி மேல அம்புட்டுப் பயமா அவியளுக்கு?"

குற்றமுள்ள நெஞ்சு எப்படித் தூங்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது அது நெஞ்சில் சரியாக உட்காரவில்லை. அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்ற விதம் எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

எழுதத் தேவையில்லை என்று சொன்னதை எழுதிவிடுகிறேன். நான் கல்யாணமாகி வந்த மறுவருஷம் வீடு இன்னும் ஒன்றாகத்தான் இருந்தது. குருவம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. இதே பின்னறை. எனக்கு நாலு மாதம். கதவைத் திறந்தபோது என் சட்டி மட்டும் கிள்ளிக் கிடந்தது. அடுத்த வாரம் எனக்கு வயிற்றுவலி வந்து எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, கும்மி அடித்த அதே முற்றத்தில், தெருவைக் கூட்டி வைத்துக் குருவம்மாவைக் கேட்டேன். என் பிள்ளையை ஏன் கிள்ளினாய் என்று கேட்டேன். அவ்வளவு நாளும் எனக்குச் சோறு ஊட்டாத குறையாக வைத்திருந்தவள். அக்கா அக்கா என்று அவள் பின்னால் திரிந்தவள் நான். அதற்கடுத்த மாதம் வீட்டுக்கு நடுவில் சுவர் வந்தது.

இன்னொன்றும் உண்டு. அதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, தெருவுக்குத் தெரியும் என்றாலும். நான் கேட்டபோது அவள் ஒரு பதில் சொன்னாள். "பூனை தின்னுருக்கும்டி வேலு" என்றாள். தெருவே சிரித்தது. பூனை பயிரைத் திங்குமா, கேட்கிறவள் கேனச்சியா என்று பஞ்சவர்ணம் மாமியார் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் காறித் துப்பினேன்.

டாக்டர் சொன்னது வேறு பூனைகளைப் பற்றி. டவுன் பூனைகள். புல் வேறு. முளைப்பாரி வேறு. அது அம்மன். அதைப் புல் என்று ஒருத்தர் சொன்னால் நாங்கள் சும்மா விடமாட்டோம்.

பங்குனி 26, செவ்வாய்

மத்தியானம் இரண்டு மணி. சாயங்காலம் கதவு திறக்க வேண்டும். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. கடைசி நேரத்தில் ஒரு கிள்ளு கிள்ள வருவாள். வெளியே பூட்டியிருக்கிற மாதிரி உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, பொட்டையும் உள்ளே விட்டுவிட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருக்கப் போகிறேன். கையும் சாவியுமாகப் பிடிப்பேன்.

பங்குனி 26, மூன்றேகால்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓட்டு இடுக்கில் வந்த கொஞ்ச வெளிச்சத்தில் கண் பழகக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை வர வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டேன். எப்படியாவது ஒரு கை வந்துவிட வேண்டும். குருவம்மா கை இல்லாவிட்டால் பஞ்சவர்ணம் கை. யார் கையாவது.

கை வரவில்லை. பொட்டு எழுந்து சோம்பல் முறித்தது. தட்டாம்பயறைத் தாண்டியது. மொச்சையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் கோமதி சட்டிக்குப் போய், கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைவாய்ப் பல்லில் சோளத்தைக் கொடுத்து நறுக் நறுக் என்று கடித்தது. வெற்றிலை மெல்லுகிற கிழவி மாதிரி அவ்வளவு நிதானம். ஏழெட்டு இலை. பிறகு வந்து என் மடியில் படுத்துக்கொண்டது.

என் சட்டியில் அந்த வருஷம் கம்பு போட்டிருந்தேன். எங்கள் ஊரில் கம்புதான் போடுவோம். கம்பும் சோளம் மாதிரி ஒரு புல்தான். மற்றவர்கள் எல்லோரும் பயறு. அறையில் எலி இருக்கிறது, என்ன செய்ய என்று குருவம்மா அக்கா கேட்டபோது, என் பூனையை விடுங்கள் அக்கா என்று சொன்னது நான். பிறந்த வீட்டிலிருந்து சாக்குப் பையில் நான் கொண்டுவந்த பூனை. பொட்டு அதன் வம்சம்.

யாரும் கிள்ளவில்லை. என் பிள்ளையையும் யாரும் கிள்ளவில்லை. அது தானாகப் போயிருக்கிறது. யார் மேலும் போட முடியாத ஒன்றைப் பத்தொன்பது வருஷமாக அக்கா தலையில் வைத்திருந்தேன். இருட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுதுவிட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு தெரு வழியாக அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு வாசல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே மறந்து போயிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கோமதி என்னைப் பார்த்துப் பதறி எழுந்தாள்.

"அக்கா, பூனைதான்" என்றேன்.

அக்கா நிமிரவில்லை. கையில் இருந்த பெட்டியை ஒட்டி முடித்து வரிசையில் வைத்தது. அடுத்ததை எடுத்தது.

"இப்பவும் பூனைதான். அப்பவும் பூனைதான். நான் கண்ணால பாத்தேன் அக்கா."

அக்கா இன்னும் இரண்டு பெட்டி ஒட்டியது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னது. "கோமதி, வந்தவங்கள உக்காரச் சொல்லு."

உட்கார்ந்தேன். சாவியை நினைத்து இத்தனை நாள் பயந்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அக்கா பசை தொட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டது.

"கோமதி, அந்தச் சாவி இந்த வீட்டுல இல்லன்னு சொல்லு. என்னையக் கேட்ட அன்னைக்கே வைப்பாத்துல வீசிட்டேன். இன்னொருக்க ஒருத்தி வந்து கேக்கக் கூடாதுல்ல."

பங்குனி 26, கதவு திறந்த பிறகு

எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். இருபது சட்டி முழங்கை உயரம், சந்தன நிறம். கோமதி சட்டி மொட்டையாக நின்றது. கோமதி தரையைப் பார்த்தாள். பஞ்சவர்ணம்தான் ஆரம்பித்தாள்.

"என்னத்தா இது? புள்ளத்தாச்சி சட்டி. டீச்சர் பொறுப்புல இருந்த சட்டி. நான் ஒண்ணும் சொல்லல."

யாரும் எதிர்பார்க்கவில்லை, அக்கா படியேறி உள்ளே வந்தது. சட்டியைப் பார்த்தது. "பூனை தின்னுருக்கு" என்றது.

இரண்டு பேர் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். "மறுபடியும் பூனையா மதினி?"

"ஆமா" என்றேன் நான். "நான் பாத்தேன்."

சொல்லிவிட்டுப் பொட்டைத் தூக்கிவந்து சட்டிக்கு முன்னால் விட்டேன். அத்தனை பேர் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு ஓடிவிடுமோ என்று ஒரு நிமிஷம் உயிர் போய் வந்தது. பொட்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. தலையைச் சாய்த்தது. நறுக் நறுக் என்று இரண்டு இலை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு என் சட்டியில கம்பு. இன்னைக்கு இவ சட்டியில சோளம். ரெண்டுக்கும் காவல் வச்சது என் பூனை" என்றேன். "அன்னைக்கு அக்கா சொன்னத நான் நம்பல. நீங்களும் நம்பல. என் பேச்சாலதான் நம்பல."

கோமதிதான் முதலில் பேசினாள். "பூனைக்கு ஒண்ணும் செய்யாதா சின்னத்தை? சோளத்துல அம்மா மருந்து எதும் கலக்கல, வீட்டுச் சோளந்தான்."

ஒன்றும் செய்யாதாம், டாக்டரம்மா சொன்னாங்க என்றேன். அந்த நேரத்தில் அந்தப் பெண் பூனையைப் பற்றிக் கேட்டாளே என்று இருந்தது எனக்கு. பஞ்சவர்ணம் குனிந்து பொட்டைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பங்குனி 27, புதன்

மொட்டைச் சட்டியைக் கோமதி தலையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நடந்தாள். அக்காதான் தூக்கி வைத்தது. ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். கரைத்துவிட்டு வந்தோம். கரைக்கும்போது மணலைக் காலால் துழாவிப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சாவி எங்கே கிடைக்கும்.

பங்குனி 30, சனி

விரதம் முடிந்து ஊளி மீன் குழம்பு. பொட்டுக்குத் தலை. தின்றுவிட்டுச் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டது.

அக்கா பேசவில்லை. ஜாடையாகவும் பேசவில்லை. நானும் போகவில்லை. நான் கேட்டதும் துப்பியதும் ஒரு சாயங்காலத்தில் அழிகிற எழுத்தா என்ன. இனி அவள் பேசாவிட்டாலும் அது நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டாலும் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால்கூடக் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சித்திரை 9, திங்கள்

காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கோமதியிடம் இல்லை, பூனையிடம் இல்லை.

"ஏ வேலு. ஒரு ஒடஞ்ச சட்டியில நாலு சோளத்தப் போட்டு வச்சா, அத்தனையும் தின்னுட்டு உன் பூனை என் அடுப்படி வாசல்ல கக்கி வச்சிருக்கு. வந்து அள்ளு."

போய் அள்ளினேன்.